பிரித்துப் பூட்டிய கைகள்

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதியமான் ஆண்ட தகடூராகிய தருமபுரியில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த நானும் அவ்வாறே பாடம் நடத்தி வந்தேன். ஆனால், வீட்டு முற்றத்தில் விரித்த பழைய சாக்கின்மீதும் வரலாறு கிடப்பதுண்டு என்பதைப் பணி ஓய்வு பெற்ற பின்னரே அறிந்துகொண்டேன்.

என் பழைய மாணவர் ஒருவரைக் காண அவர் இல்லம் சென்றிருந்தேன். தந்தையார் விட்டுச் சென்ற, 1960களில் செய்யப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அவர் முற்றிலும் பிரித்து வைத்திருந்தார். கழற்றிய வரிசை மாறாமல் பாகங்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தட்டின் அருகிலும் தரையில் சுண்ணக்கட்டியால் எண் எழுதப்பட்டிருந்தது. பள்ளி நாட்களில் கையில் எண்ணெய்க் கறையுடன் வந்தபோதெல்லாம் இவரைப் ‘படிப்பில் நாட்டம் இல்லாதவன்’ என்று கடிந்துகொண்டவன் நான்.

அன்று அவர் எனக்குப் பாடம் சொன்னார். “ஐயா, இந்தச் சிலிண்டர் பார்வைக்கு வட்டமாகத்தான் தெரியும், அளந்து பார்த்தால் முட்டை வடிவம்” என்றார். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது ஒரு பக்கச் சுவரை மிகுதியாக அழுத்துகிறது. ஆண்டுகள் பல செல்ல, அந்தப் பக்கம் தேய்கிறது. இடைவெளி வழியே வாயு கசிவதால் ஆற்றல் குறைகிறது. எண்ணெய் மேலேறிப் புகைகிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சிலிண்டரைப் பட்டறையில் சிறிதளவு குடைந்து மீண்டும் வட்டமாக்கி, அதற்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். வால்வுகளைப் பசையிட்டுத் தேய்த்து, வாயு கசியாமல் அமரச் செய்ய வேண்டும். அவை திறக்கும் நேரம் பிசகாதபடி பற்சக்கரங்களின் குறிகளை நேர்ப்படுத்த வேண்டும். பாடநூலில் நான்கு படங்களோடு முடிந்துபோகும் செய்தி, அவர் கையில் உயிருள்ள பொருளாக இருந்தது.

இவருக்கு முன்னோடியாக ஒருவர் கோவைப் பகுதியில் வாழ்ந்திருக்கிறார். 1893ஆம் ஆண்டு கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி. டி. நாயுடுவே அவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டுவிட்ட அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவது எங்ஙனம் என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊர்வலம் வந்து மகிழ்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அதைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டினார். அந்தக் கல்வியே அவரை மெக்கானிக்காக ஆக்கியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் பல கருவிகளைப் படைத்தார்.

ஒரு மனிதர் செய்த அதே காரியத்தைப் பின்னர் ஒரு தொழிற்சாலையும் செய்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களே இங்குப் பூட்டப்பட்டன. பாகங்களைச் செய்வதற்கான கருவிகளையும் 1957இல் இந்திய நிறுவனம் பெற்றது. படிப்படியாக அவையும் இங்கேயே உருவாயின. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அத்தொழில் நின்றுபோயிற்று. 1977இலோ, சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று! பூட்டக் கற்றவர்கள் செய்யக் கற்றார்கள். கற்றுக்கொடுத்த நாட்டுக்கே விற்கவும் செய்தார்கள்.

பிரித்துப் பூட்டுவதோடு ஆசை அடங்குவதில்லை. இன்னும் வேகமாக ஓடச் செய்தால் என்ன என்று மனம் கேட்கும். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் வாழ்ந்த பர்ட் மன்ரோ அவ்வாறு கேட்டவர். 1920இல் அவர் வாங்கிய ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் அமெரிக்க வண்டி மணிக்கு 55 மைல் வேகமே ஓடக்கூடியது. பழைய தகரக் குவளைகளை அச்சாகக் கொண்டு பிஸ்டன் வார்த்தும், வார்ப்பிரும்புக் குழாய்களைச் சிலிண்டராகக் கடைந்தும், தம் கொட்டகையிலேயே பல்லாண்டுகள் அதை மாற்றியமைத்தார். 1967இல், தம் 68ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் மணிக்குச் சுமார் 184 மைல் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார். ஆனால், உடைந்தும் உருகியும் போன பாகங்கள் அவர் கொட்டகையின் அலமாரியில் நிறைந்திருந்தன. அவற்றை வேகக் கடவுளுக்குப் படைத்த காணிக்கை என்று அவரே எழுதி வைத்திருந்தாராம்.

“தம்பி, உன் எஞ்சினின் ஆற்றலையும் கூட்டப் போகிறாயா?” என்று என் மாணவரைக் கேட்டேன். தொப்பூர் மலைச்சாலையில் எளிதாக ஏறுவதற்காக அமுக்க விகிதத்தைக் கூட்ட எண்ணியதாகவும், பிறகு கைவிட்டதாகவும் கூறினார். அமுக்கம் கூடினால் ஆற்றல் கூடும். வெப்பமும், தாங்கிகளின்மீது விழும் அடியும் சேர்ந்தே கூடும். பழைய இரும்பு அதைத் தாங்காது என்பது அவர் கணிப்பு. தீப்பொறி உண்டாக்கும் அமைப்பை மட்டும் மின்னணு முறைக்கு மாற்றிவிட்டு, பழைய பாகத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். “என் மகன் விரும்பினால் தாத்தா ஓட்டியபடியே மாற்றிக்கொள்ளலாம், ஐயா” என்றார். பழமையைப் போற்றவும் வேண்டும், புதுமையை ஏற்கவும் வேண்டும் என்று மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். அது எவ்வாறு என்பதை அன்றுதான் கண்டேன்.

கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக 1945இல் ஜி. டி. நாயுடு இருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்காமற்போகவே, பதவியைத் துறந்தார். ஆண்டுக் கணக்கைப் பற்றி அறிஞர்கள் வாதிடலாம். ஆனால், கைபடாத கல்வி முழுமையானதன்று என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாகும்.

பூட்டி முடித்த நாளன்று வண்டி கிளம்பவில்லை. பற்சக்கரக் குறி ஒரு பல் விலகியிருந்தது. என் மாணவர் முகம் சுளிக்காமல் மூடியைத் திறந்து, முதலிலிருந்து தொடங்கினார். மறுவாரம் அதன் ஓசை தெருமுனை வரை கேட்டது. தவறுக்குச் சிவப்பு மையால் கோடிட்டு, மதிப்பெண்ணைக் குறைத்து, விடைத்தாளைத் திருப்பித் தந்தவன் நான். எந்திரமோ, தவறு திருத்தப்படும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. அன்று அந்தச் சிறுவனிடமும் நான் அவ்வாறு காத்திருந்திருக்க வேண்டும்.