அட்லாண்டாவின் சாலைகளும் காற்றுக் கணக்கும்

அமெரிக்காவில் காற்று மாசு வரம்பை மீறிய ஒரு பெருநகர வட்டாரம் இருபதாண்டுக்கான சாலைத் திட்டம் வகுத்தால், அது காற்றுத் தூய்மைத் திட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டியாக வேண்டும். 1990-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் 176(சி) பிரிவு விதிக்கும் நிபந்தனை இது. சுருக்கமாக 'இசைவு' எனலாம். வண்டிப் புகைக்கு மாநிலம் ஓர் உச்சவரம்பு வகுத்திருக்கும். திட்டமிட்ட சாலைகளில் எழக்கூடிய புகை அதைத் தாண்டினால் மைய அரசின் நிதியும் ஒப்புதலும் கிடைக்காது. இந்த விதி அளப்பது காற்றையா, காகிதத்தில் எழுதிய வாக்குறுதியையா? அட்லாண்டாவின் அனுபவம் இரண்டாவதையே காட்டுகிறது என்பது என் வாதம்.

ஓசோன் அளவு மீறிய 13 மாவட்டங்கள் கொண்ட அந்த வட்டாரத்தில் 1998 ஜனவரியில் இசைவு காலாவதியானது. புதிய நெடுஞ்சாலைப் பணிகள் முடங்கின. பாதுகாப்புப் பணி, பொதுப் போக்குவரத்து போன்ற சிலவற்றுக்கே விலக்கு. முன்பே ஒப்புதல் பெற்றவை என்ற பெயரில் சாலைகளை நுழைக்க உதவிய சலுகையையும் 1999 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டு ஆளுநர் ராய் பார்ன்ஸின் முயற்சியால் ஜார்ஜியா வட்டாரப் போக்குவரத்து ஆணையம் பிறந்தது. புதிய திட்டம் ஏற்கப்பட்டு 2000 ஜூலையில்தான் முடக்கம் நீங்கியது.

முடங்கியதில் பிறந்தது ஓர் அமைப்பு. காற்று எவ்வளவு தெளிந்தது என்பது வேறு கணக்கு. அட்லாண்டாவின் ஓக் மரங்களே ஓசோனுக்கு வேண்டிய கரிமச் சேர்மங்களை ஏராளமாக வெளியிடுகின்றன. ஆகவே அங்கே ஓசோனின் மற்றொரு மூலப்பொருளான நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதே வழி. அக்காலக் கணினி மாதிரியிலோ, நெரிசல் தீர்ந்து வண்டி வேகம் கூடினால் கரிமச் சேர்மம் குறையும். மிகு வேகத்தில் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். ஒரே சாலை ஒரு பத்தியில் வரவு, அடுத்த பத்தியில் செலவு. தவிர, இத்தகைய கணக்குகளில் புகையைப் பெரிதும் குறைப்பவை புதிய வண்டிகளும் கந்தகம் குறைந்த பெட்ரோலும்தான். திட்டமிடுவோரின் பங்கு சொற்பம்.

இதற்கு நல்ல சான்று 17-ஆம் தெருப் பாலம். பழைய அட்லாண்டிக் ஸ்டீல் ஆலையின் 138 ஏக்கரில் வீடுகளும் அலுவலகங்களும் எழுப்ப, நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம் தேவைப்பட்டது. முடக்கக் காலத்தில் அதற்கு ஒப்புதல் தர வழியில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் குடியிருப்பையும் பாலத்தையும் சேர்த்து, முடக்கத்திலும் அனுமதிக்கப்படும் புகை குறைக்கும் நடவடிக்கையாகவே வகைப்படுத்தியது. அதே அளவு கட்டடங்கள் நகரின் விளிம்பில் எழுந்தால் மக்கள் எத்தனை மைல் ஓட்டுவார்கள் என்று கணித்து, அதைவிட இது குறைவு என்று காட்டியது. கணிப்பில் பிழை இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் 2004-இல் திறந்த அந்தப் பாலத்தின் புகைக்கணக்கு, கட்டப்படாத புறநகர்களை எதிரே நிறுத்திப் போட்ட கணக்கு.