எரிந்த வீட்டுக்கும் வாடகை!

வாடகைக்கு விட்ட வீடு தீப்பிடித்து எரிந்துவிடுகிறது. நட்டம் யாரைச் சேரும்? வீட்டுக்காரரையா, குடியிருந்தவரையா?

இது இன்று நேற்று எழுந்த கேள்வியல்ல. ஏறக்குறைய 350 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரமே இதற்குப் பதில் தெரியாமல் தவித்தது. இன்று வீட்டுக்கு நாம் எடுக்கும் தீக் காப்புறுதி வளர்ந்ததே அந்தத் தவிப்பில் இருந்துதான்.

லண்டன் கற்றுக்கொண்ட பாடம்

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, லண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ஒரு ரொட்டிக்கடையில் தீ பற்றியது. மர வீடுகள் நெருங்கி நின்ற நகரம் அது. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின.

நெருப்பு அணைந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. எரிந்த வீடுகளில் பலவற்றில் இருந்தவர்கள் வாடகைக்கும் குத்தகைக்கும் குடியிருந்தவர்கள். வீட்டைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவரின் பொறுப்பு என்று அவர்களில் பலருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன்படி, வீடு இல்லாமல் போன பிறகும் அவர்கள் வாடகையைக் கட்ட வேண்டும், வீட்டையும் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். உடுத்திய துணியோடு வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்?

இந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 1667-இல் ஒரு தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. 'தீ நீதிமன்றம்' என்றே அதற்குப் பெயர். எழுத்தில் இருந்ததை மட்டும் பார்க்காமல், யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதையும் நீதிபதிகள் பார்த்தார்கள். சிலருக்கு வாடகை குறைக்கப்பட்டது. வீட்டைத் திரும்பக் கட்ட முன்வந்தவர்களுக்குக் குத்தகைக் காலம் நீட்டிக் கொடுக்கப்பட்டது. நட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

வாடகையை வைத்துக் கட்டணம்

ஆனால் ஒவ்வொரு தீக்கும் ஒரு நீதிமன்றம் அமைக்க முடியுமா? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1676-இல் ஒரு பொதுத் தீ நிதியைத் தொடங்கியது. லண்டனில், மருத்துவம் படித்துவிட்டு வீடு கட்டும் தொழிலில் இறங்கிய நிக்கலஸ் பார்போன் 1681-இல் ஒரு காப்புறுதி அலுவலகத்தைத் திறந்தார். அவர் கட்டணத்தை வீட்டின் ஆண்டு வாடகையைக் கொண்டே கணக்கிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 2.5 விழுக்காடு, மர வீட்டுக்கு 5 விழுக்காடு. மரத்துக்கு இரட்டிப்புக் கட்டணம்.

அந்தக் கணக்கு இன்னும் மறையவில்லை. மலேசியாவில் இன்றும் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீட்டைவிடப் பலகை வீட்டுக்குத் தீக் காப்புறுதிக் கட்டணம் அதிகம்.

நாட்டுப்புறத்துக்கு வந்த காப்புறுதி

பார்போனின் திட்டம் நகரத்துக்கானது. 1710-இல் தோன்றிய சன் தீக் காப்புறுதி அலுவலகம் போன்றவைதான் இதை நாட்டுப்புறங்களுக்கும் கொண்டு சென்றன. அங்கே நிலைமை வேறு. கூரை வைக்கோலால் வேயப்பட்டிருக்கும். தீயணைப்பு வண்டியும் அருகில் இருக்காது. ஒரு பொறி விழுந்தால் வீடு, களஞ்சியம், கால்நடைக் கொட்டகை எல்லாம் சேர்ந்தே போகும். 1797-இல் நார்விச் நகரில் உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஒரு சங்கம் உருவானது. பின்னாளில் நார்விச் யூனியன் என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

புயலுக்கு மட்டும் காப்புறுதி நீண்ட காலம் பின்தங்கியே இருந்தது. காரணம் எளிது. தீ பெரும்பாலும் ஒரு வீட்டை எரிக்கும். மற்ற நூறு வீட்டுக்காரர்கள் கட்டிய பணத்தில் அந்த ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். புயல் அப்படியல்ல, ஒரே நாளில் வட்டாரம் முழுவதையும் தாக்கும். கட்டியவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டு வந்து நின்றால் எந்த நிதி தாங்கும்? 1843 ஆகஸ்டு 9-ஆம் தேதி கிழக்கு இங்கிலாந்தில் அடித்த ஆலங்கட்டி மழை பயிர்களையும் கண்ணாடிகளையும் நொறுக்கியது. அந்த ஆண்டே நார்விச்சில் அதற்கென ஒரு தனிச் சங்கம் தோன்றியது. அடிபட்ட பிறகுதான் புத்தி வந்தது.

அத்தாப்பும் தகரமும்

இனி இந்த வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ அப்போது நகர எல்லையை ஒட்டிய ஒரு கம்பம். 1961 மே 25-ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று அங்கே பரவிய தீ சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அத்தாப்புக் கூரைகளின் வழியாகவே நெருப்பு தாவிச் சென்றது. அந்த மக்களைக் காப்பாற்றியது காப்புறுதிப் பத்திரமல்ல. அரசாங்கம் விரைந்து கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகள். இன்று அந்நாட்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் கடன் வாங்கி வீடு வாங்குவோருக்குத் தீக் காப்புறுதி கட்டாயம்.

புயல் நமக்கு வராது என்று எண்ணுவோரும் உண்டு. 1996 டிசம்பர் இறுதியில் 'கிரெக்' புயல் சபாவில் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, பூமத்திய ரேகைக்கு மிக அருகில், 'வாமெய்' புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையைத் தொட்டது. அங்கெல்லாம் புயல் உருவாகவே முடியாது என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. ஆண்டுதோறும் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' காற்றுக்குத் தகரக் கூரையைத் தூக்கிச் செல்ல ஒரு நிமிடம் போதும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

தோட்டத்து லயத்தில் இருந்தவரை கூரை நிர்வாகத்தின் கவலை. காப்புறுதியைப் பற்றி அறிந்துகொள்ள யாருக்கும் தேவை இருக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள், சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு வீட்டை வாங்கி, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போன பின் அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முதுமையில் அந்த வாடகைதான் மருந்துச் செலவு. அதனால் மூன்று விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

முதலாவது, அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, இடி மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கே ஈடு தரும். புயலும் வெள்ளமும் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. வீட்டுக் கடனுக்காக வங்கி எடுக்கச் சொன்ன பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காப்புறுதித் தொகை. திரும்பக் கட்ட 200,000 வெள்ளி ஆகும் வீட்டை 100,000 வெள்ளிக்கே காப்புறுதி செய்திருந்தால், 40,000 வெள்ளி நட்டத்துக்கு ஏறக்குறைய 20,000 வெள்ளியே கிடைக்கும். பாதிக்குக் காப்புறுதி செய்தால் நட்டத்திலும் பாதி உரிமையாளரின் தலையில்தான். நிலத்தின் விலையை இதில் சேர்க்க வேண்டியதில்லை. கட்டடச் செலவே கணக்கு.

மூன்றாவது, வாடகை வீடு என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்கக் கூடாது. வீடு ஆளின்றி நெடுநாள் பூட்டிக் கிடந்தாலும் ஈடு மறுக்கப்படலாம். வீட்டுக்காரர் எடுத்த பத்திரம் குடியிருப்பவரின் தொலைக்காட்சிக்கோ துணிமணிக்கோ ஈடு தராது. அதற்கு அவர் தனியாகப் பொருள் காப்புறுதி எடுக்க வேண்டும். வீடு சேதமாகிக் காலியாக இருக்கும் மாதங்களின் வாடகை இழப்புக்கும் ஈடு உண்டா என்று உரிமையாளர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

எரிந்த வீட்டுக்கு வாடகை கேட்டு லண்டன்காரர்கள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் உட்கார்ந்து, எது யார் பொறுப்பு என்று பேசியிருந்தால் அந்த வாசலை மிதித்திருக்கவே வேண்டாம். இன்றும் அந்தப் பேச்சுக்கு அரை மணி நேரம் போதும். கூரை பறந்த பிறகு பத்திரத்தைத் தேடி என்ன பயன்?