உயர்மலை மிதிவண்டிப் போட்டியும் மலைநோயும்: சமவெளியிலிருந்து செல்வோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

முக்கியக் குறிப்புகள்

• 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கு விரைவாகச் செல்லும் எவருக்கும் மலைநோய் ஏற்படலாம். நல்ல உடல் வலிமையும் இளமையும் இந்நோயைத் தடுப்பதில்லை.
• உயரமான இடத்தில் தோன்றும் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை, வேறு காரணம் உறுதியாகும் வரை மலைநோயாகவே கருத வேண்டும்.
• அறிகுறி இருக்கும்போது மேலும் ஏறக் கூடாது. அறிகுறி வளர்ந்தால் உடனே கீழே இறங்க வேண்டும்.
• தடுமாற்றமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ இருப்பின் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும்.

அறிமுகம்

மலைப்பாதைகளில் பல நாள்கள் மிதிவண்டி ஓட்டும் போட்டிகளும் பயணங்களும் இன்று பரவலாகி வருகின்றன. இமாச்சலப் பிரதேசத்தில் 2005 ஆம் ஆண்டு தொடங்கிய எம்.டி.பி. இமாலயா போட்டி இவற்றுள் குறிப்பிடத்தக்கது. நேபாளத்தின் யாக் அட்டாக் போட்டியில் பங்கேற்பாளர்கள் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடக்கின்றனர். நம் நாட்டில் மிதிவண்டி ஓட்டுநர்கள் பெரிதும் விரும்பும் நெடும்பாதை, 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மணாலி–லே சாலையாகும்.

பொதட்டூர்பேட்டை, திருத்தணி, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்கள் தாழ்ந்த சமவெளியில் அமைந்தவை. இங்கிருந்து செல்பவரின் உடல், அடர்த்தியான காற்றிற்கே பழகியிருக்கும். திருத்தணி மலைச்சாலையில் நாள்தோறும் பயிற்சி செய்தால் கால்களும் இதயமும் வலுப்பெறும். ஆனால் இமயத்தின் உயரத்திற்கு உடல் பழகிவிடாது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். மணாலி–லே சாலையில் இரவு தங்கும் சர்ச்சு முகாமோ 4,300 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது.

உயரத்தில் உடலுக்கு என்ன நேர்கிறது?

எவ்வளவு உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் ஏறத்தாழ 21 சதவீதமே. ஆனால் உயரே செல்லச் செல்ல வளிமண்டல அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. கடல் மட்டத்தில் கிடைப்பதுடன் ஒப்பிட்டால், தொட்டபெட்டாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும், 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் மூன்றில் இரண்டு பங்கும், 5,300 மீட்டரை ஒட்டிய தங்லாங் கணவாயில் சற்றேறக்குறையப் பாதியும் கிடைக்கின்றன.

இக்குறைவை ஈடுசெய்ய உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறது; இதயத் துடிப்பு கூடுகிறது; சிறுநீர் அதிகம் வெளியேறுகிறது. இம்மாற்றங்கள் நிலைபெறப் பல நாள்கள் தேவை. அவகாசம் தராமல் ஏறும்போது மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டாகிறது.

வலிமை ஏன் காப்பதில்லை?

1962 ஆம் ஆண்டுப் போரையொட்டி, சமவெளியிலிருந்து இமயமலை எல்லைக்கு விரைவாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியப் படைவீரர்கள் பலர் மலைநோயால் பாதிக்கப்பட்டனர். அவ்வாறு பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 1969 ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. இவர்கள் உடற்தகுதி பெற்ற வீரர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

போட்டியாளருக்கு அவரது வலிமையே சில வேளைகளில் தீங்காகிறது. வலிமையுள்ளவர் உடல் பழகுவதற்கு முன்பே அதிக உயரத்தை எட்டிவிடுகிறார். களைப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவராதலால் நோயின் அறிகுறியையும் களைப்பென்றே கருதுகிறார். உயரத்தில் கடுமையாக உழைப்பது நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது.

மலைநோயின் வகைகளும் அறிகுறிகளும்

1. திடீர் மலைநோய்: உயரமான இடத்தை அடைந்த 6 முதல் 12 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தொடங்கும். தலைவலியே முதன்மையான அறிகுறி. அதனுடன் பசியின்மை, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், அசதி ஆகியவை சேரலாம். அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு நாள்களில் குணமாகும்.

2. உயர்மலை மூளை வீக்கம்: திடீர் மலைநோய் முற்றிய நிலை. நடையில் தள்ளாட்டம், குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், பொருத்தமற்ற நடத்தை, மிகுந்த தூக்கக் கலக்கம் ஆகியவை தோன்றும். சிகிச்சை தாமதமானால் நினைவிழப்பும் மரணமும் நேரலாம்.

3. உயர்மலை நுரையீரல் நீர்க்கோப்பு: புதிய உயரத்தை அடைந்த இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பெரும்பாலும் தோன்றும். வழக்கமான ஏற்றத்தையும் ஏற முடியாமற்போவது முதல் அறிகுறி. பின்னர் வறட்டு இருமல், ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், உதடுகளும் நகங்களும் நீலம் பூத்தல், நுரையுடன் கூடிய இளஞ்சிவப்புச் சளி ஆகியவை தோன்றும். தலைவலி இல்லாமலும் இந்நோய் வரலாம்.

தடுமாற்றத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரல் நுனியுடன் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் சில அடிகள் நடக்கச் செய்ய வேண்டும். தள்ளாடினாலோ விழப்போனாலோ மூளை வீக்கம் எனக் கருதி உடனே செயற்பட வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். உயரத்தில் நலமாக இருப்பவருக்கும் அளவு குறைவாகவே இருக்கும்; விரல் குளிர்ந்திருந்தால் தவறாகவும் காட்டும். உடன் வந்தவர்களைக் காட்டிலும் ஒருவருக்கு மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அது எச்சரிக்கையாகும். எண் நன்றாக இருந்து அறிகுறிகள் வளர்ந்தால் அறிகுறிகளையே நம்ப வேண்டும்.

எங்கே முடிவெடுப்பது?

கீழே இறங்குவதே மலைநோய்க்கு முதன்மையான சிகிச்சை. பொதுவாக 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே முன்னேற்றம் தெரியும். ஆனால் மணாலி–லே சாலையில் எல்லா இடங்களிலும் எளிதாக இறங்கிவிட முடியாது.

சர்ச்சுவில் ஒருவர் நோயுற்றால், தெற்கே திரும்ப 4,800 மீட்டருக்கும் மேற்பட்ட பாரலாச்சா கணவாயைக் கடக்க வேண்டும். வடக்கே சென்றால் 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட லாச்சுங் கணவாயைக் கடக்க வேண்டும். அதாவது, இறங்குவதற்கு முன் ஏறியாக வேண்டும். லாச்சுங் கணவாயைத் தாண்டிய பாங் முகாமும் 4,600 மீட்டரை ஒட்டிய உயரத்திலேயே உள்ளது. அங்கிருந்து லே செல்லத் தங்லாங் கணவாய் குறுக்கிடுகிறது.

ஆகவே, பயணத்தைத் தொடர்வதா என்பதைப் பாரலாச்சாவிற்கு முன்பே, ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரமுள்ள ஜிஸ்பாவில் முடிவு செய்வது நல்லது. அங்கே தலைவலியோ குமட்டலோ இருப்பவர் தங்கிக் குணமாக வேண்டும். குணமாகாவிடில் திரும்ப வேண்டும். அருகிலுள்ள கேலாங்கில் அரசு மருத்துவமனை உண்டு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையால், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயை ஏறாமலேயே வாகனத்தில் மணாலிக்கு இறங்கிவிடலாம்.

தடுப்பு முறைகள்

• 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது. மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் உயர்ந்த கணவாயைக் கடந்து, இரவில் தாழ்ந்த இடத்தில் தங்குவது பாதுகாப்பானது.
• மணாலியில் இரண்டு இரவுகளும், கேலாங் அல்லது ஜிஸ்பாவில் இரண்டு இரவுகளும் தங்குவது நன்று. மணாலியிலிருந்து ஓரிரு நாள்களில் சர்ச்சுவை அடையும் திட்டம் ஆபத்தானது.
• விமானத்தில் லே செல்வோர், ஒரே நாளில் 3,500 மீட்டர் ஏறிவிடுகின்றனர். குறைந்தது 48 மணி நேரம் முழு ஓய்வு கொள்ள வேண்டும். அதன் பின்னரே மிதிவண்டியைத் தொடலாம்.
• மது, புகை, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
• தாகத்திற்கேற்ப நீர் அருந்த வேண்டும். அளவுக்கு மீறிய நீர் மலைநோயைத் தடுப்பதில்லை. உடலின் உப்பு அளவைக் குறைத்துத் தீங்கு செய்யலாம்.
• அசெட்டசோலமைடு மாத்திரை உடல் விரைவாகப் பழக உதவும். தடுப்பிற்காகப் பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளொன்றுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தரப்படுகிறது. விரல்களில் மதமதப்பும் அதிகச் சிறுநீரும் ஏற்படலாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது.

பயணத்திற்கு முன் மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

• இதய நோய், நுரையீரல் இரத்தக் குழாய் உயர் அழுத்தம், நாட்பட்ட நுரையீரல் நோய், அரிவாள் செல் நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது.
• ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்கள், மருந்து உறிஞ்சியை எப்போதும் உடன் வைத்துக்கொண்டு செல்லலாம்.
• உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது. சில மருந்துகள் இதயத் துடிப்பையும் உடலின் நீர் அளவையும் பாதிப்பதால், மாற்றம் தேவையா என முன்பே கேட்டறிய வேண்டும்.
• நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் உறைந்துவிடாதபடி உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குளிரிலும் உயரத்திலும் குளுக்கோமீட்டர் தவறான அளவைக் காட்டலாம்.
• இரத்தச்சோகை உள்ளவர்கள் அதனைக் குணப்படுத்திய பின்னரே செல்வது நல்லது.
• தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியிலோ, உருக்காலைப் புகையிலோ நெடுங்காலம் பணியாற்றியவர்கள், மூச்சிரைப்பு அல்லது தொடர் இருமல் இருப்பின், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
• முன்பு ஒருமுறை நுரையீரல் நீர்க்கோப்போ மூளை வீக்கமோ வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் இதனை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

உடன் செல்வோர் செய்ய வேண்டியவை

மூளை பாதிக்கப்பட்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே கூறுவார். எனவே முடிவை அவரிடம் விடக் கூடாது. ஒருவரையொருவர் கண்காணிக்கும் இணைகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். இணையர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆபத்தான அறிகுறி தோன்றினால்:

• மிதிவண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தச் செய்ய வேண்டும். இறக்கம்தானே என்று அவரையே ஓட்டிச் செல்ல விடக் கூடாது. வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும்.
• நிமிர்ந்து உட்கார வைத்து, குளிர் தாக்காமல் போர்த்தி, ஆக்சிஜன் இருப்பின் கொடுக்க வேண்டும்.
• இரவானாலும் விடியும் வரை காத்திராமல், பாதை பாதுகாப்பாக இருப்பின் இறங்க வேண்டும். உடனே இறங்க இயலாத இடத்தில் ஆக்சிஜனும், கையடக்க அழுத்தப் பையும் நேரத்தைப் பெற்றுத் தரும். அவை இறங்குவதற்கு மாற்றாகா.
• டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மருந்துகளை மருத்துவரின் அறிவுரைப்படியே தர வேண்டும்.
• நோயாளியைத் தனியே விடக் கூடாது. அவசர உதவிக்கு 112 அல்லது 108 எண்ணை அழைக்கலாம். லே நகரில் சோனம் நோர்பூ நினைவு அரசு மருத்துவமனை உள்ளது.

வீட்டிலிருக்கும் குடும்பத்தினருக்கு

• எந்த இரவு எங்கே தங்குவார், அந்த இடத்தின் உயரம் என்ன என்னும் பட்டியலையும், ஏற்பாட்டாளர் மற்றும் உடன் செல்பவரின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
• ஏற்பாட்டாளரிடம் மருத்துவர், ஆக்சிஜன், எந்நேரமும் ஆயத்தமான வாகனம் ஆகியவை உள்ளனவா, நோயுற்றவரைப் போட்டியிலிருந்து விலக்கும் அதிகாரம் யாருக்கு உள்ளது என்று கேளுங்கள்.
• பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டணச் சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்பு தேவை. வழியில் நெடுந்தொலைவிற்குத் தொடர்பு கிடைக்காது என்பதால், ஒரு நாள் அழைப்பு வரவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை.
• பேசும்போது சொற்கள் குழறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாலோ, உடனே உடன் செல்பவரை அழைத்துத் தெரிவியுங்கள்.
• பணமும் விடுப்பும் செலவிட்டுச் சென்றவர் பாதியில் திரும்பத் தயங்குவார். திரும்பி வந்தால் குறையில்லை என்பதைப் புறப்படும் முன்பே குடும்பத்தினர் சொல்லி அனுப்புவது நல்லது.

திரும்பிய பின்

திடீர் மலைநோய் பெரும்பாலும் எவ்விதப் பாதிப்பையும் விட்டுச் செல்வதில்லை. ஊர் திரும்பிய பின்னரும் இருமல், மூச்சிரைப்பு, தலைவலி, பார்வை மங்கல், நடைத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஏதேனும் நீடித்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகி, சென்று வந்த உயரத்தையும் நாள்களையும் தெரிவிக்க வேண்டும். உயர் சிகிச்சை தேவைப்படுவோர் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்விற்காக மட்டுமே. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதி பெற்ற மருத்துவரை அணுக வேண்டும்.