சென்டர் பேரிங்கும் ஒரு சாக்பீஸ் கோடும்

டில்லிக்கு வந்து குப்பை கொட்ட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்தவனுக்கு வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமில்லைதான். ஆனால் வண்டிக் கடன் மேஜையில் உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துவிடும். தவணை ஏன் வரவில்லை என்று கேட்டால் பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, "சென்டர் பேரிங் போச்சு சாப்". ஆசாத்பூர் மண்டிக்கு நாலு நாள் லோடு அடிக்காவிட்டால் அந்த மாதத் தவணை அம்போ!

அது என்ன சென்டர் பேரிங்? கொஞ்சம் பின்னாடி போவோம்.

இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். ஆரம்பகால லாரிகள் பலவற்றில் சைக்கிள் மாதிரி செயின்தான். சேறும் புழுதியும் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். 1903-ல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் யுனிவர்சல் ஜாயிண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம்மூர் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்பது அதன் நடுவில் இருக்கும் சிலுவையைத்தான். அதற்கும் மூத்தவர் ராபர்ட் ஹூக் (ஸ்பிரிங் விதி படித்தோமே, அவரேதான்). 1676-லேயே இந்த ஜாயிண்டைப் பற்றி எழுதிவிட்டார்.

வண்டி நீண்டபோது புதுத் தலைவலி. நீளமான ஒற்றை ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால் கயிறு மாதிரி வளைந்து துள்ளும். அதனால் இரண்டு துண்டாக்கி, நடுவில் ரப்பர் மெத்தைக்குள் ஒரு பேரிங்கை வைத்துச் சட்டத்தில் தொங்கவிட்டார்கள். நம் கதாநாயகன் இவர்தான் :-)

1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து லாரி செய்தார்கள். 1986-ல் டாடா 407 வந்தது. 1988-ல் டாடாமொபைல் பிக்கப். பேரிங் செய்ய ஜெய்ப்பூரில் 1946-லேயே நேஷனல் இன்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டிருந்தது. டில்லியில் உதிரிபாகம் என்றால் கஷ்மீரி கேட். 1857-ல் குண்டு வெடித்த அதே வாசல்தான். 1947 பிரிவினையில் ஊரை விட்டு வந்த பஞ்சாபிகள் பலர் அங்கே கடை போட்டார்கள். பழைய சாமானுக்கு மாயாபுரி, நம்ம புதுப்பேட்டை மாதிரி.

பெரும்பாலும் முதலில் சாவது ரப்பர்தான். லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது அடியில் உதறும். பிறகு பேரிங் காய்ந்து, வேகத்துக்குத் தகுந்தபடி ஊளையிடும். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். கிராஸில் ஆட்டமா, பேரிங்கில் ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் காசு தண்டம்.

கழற்றும் முன் நல்ல மிஸ்திரி ஒருவர் இரண்டு துண்டின் மேலும் சாக்பீஸால் ஒரே கோடு போடுவார். ஏன்? சாய்ந்து நிற்கும் ஹூக் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஒரு ஜாயிண்ட் செய்யும் கோணலை அடுத்தது சரிக்கட்ட வேண்டும். ஷாஃப்டை மாற்றிச் சொருகினால் கணக்கு குழம்பும். புது பேரிங் போட்டும் வண்டி உதறும், அதுவும் சீக்கிரம் போகும். ஹூக் யாரென்றே தெரியாத கை அவருடைய கணக்கைத் தரையில் படுத்துக்கொண்டு சரிபார்க்கிறது. பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் ஏற்றுவதும் அந்தக் கைதான்.

2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கே நவம்பர் மாதக் காற்றைச் சுவாசித்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டோம். சென்டர் பேரிங் மாற்றினால் புகை குறையாதுதான். ஆனாலும் கடனோடு ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு, பேரிங் மாற்றி இன்னும் நாலு வருடம் ஓட்டலாம் என்ற கணக்கு அதோடு முடிந்துபோனது. அந்தக் கணக்கின் மறுபக்கம் எங்கள் லெட்ஜரில் இருக்கிறது, வாராக்கடன் என்ற தலைப்பில்.