குழல் விட்டமும் நம்பகமும்: அமெரிக்கச் சேனையின் கைத்துப்பாக்கித் தேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

1904-ஆம் ஆண்டில், சிக்காகோ நகரத்துக் கால்நடைக் கொட்டில்களில் கசாப்புக்கென்று நிறுத்தப்பட்டிருந்த மாடுகள் மீதும், மருத்துவ ஆராய்ச்சிக்கெனப் பெறப்பட்ட மனிதப் பிரேதங்கள் மீதும் பலவகைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்த இரண்டு அதிகாரிகள், அமெரிக்கச் சேனைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். ஒருவர், பின்னாளில் தம் பெயரால் வழங்கும் சிறு இயந்திரத் துப்பாக்கியால் உலகறிந்தவரான ஜான் தாம்ப்ஸன். மற்றவர், சேனை மருத்துவரான லூயி லகார்ட். கிட்டத்தில் பாய்ந்து வரும் எதிரியைத் தடுத்து நிறுத்தவேண்டுமாயின் குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1911-இல் ஏற்கப்பட்டு 1985 வரை அந்தச் சேனையின் பிரதான கைத்துப்பாக்கியாக விளங்கிய ஆயுதத்தின் அளவை அந்த ஒரு வாக்கியமே நிர்ணயித்தது. அம்முடிவு முற்றிலும் தவறென்று ஸ்தாபிப்பது என் நோக்கமன்று. ஆனால், .45 தோட்டாவுக்கு இன்றளவும் இருந்து வரும் கியாதியில் பெரும்பகுதி அதற்கு உரியதன்று, அதைச் சுட்ட துப்பாக்கிக்கே உரியது என்பதும், துப்பாக்கியின் நம்பகத்தைப் பார்த்துத் தேற வேண்டிய இடத்தில் குழலின் விட்டத்தைப் பார்த்து வாதாடும் பழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது என்பதும் என் கட்சி.

கைத்துப்பாக்கி போர்வீரனுடைய பிரதான ஆயுதமன்று. மாதக்கணக்கில் இடுப்பிலுள்ள தோலுறையில் கிடந்து, மழையையும் புழுதியையும் வியர்வையையும் ஏற்றுக்கொண்டு, ஏதோ ஒருநாள், ரைஃபிள் கைவசமில்லாத அல்லது பயன்படாத ஒரு நெருக்கடியில், சில வினாடிகளுக்கு மட்டும் அது வேண்டப்படுகிறது. ஆகவே விசையை அழுத்தினால் வெடிக்க வேண்டும், வெடித்தபின் அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்க வேண்டும் என்பதே அதனிடம் எதிர்பார்க்கும் முதற்குணம். ஏனைய குணங்களெல்லாம் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

1904-ஆம் ஆண்டுப் பரீட்சைக்குக் காரணமாயிருந்தது பிலிப்பைன்ஸ் யுத்த அனுபவம். அன்று சேனையிடம் இருந்த .38 கோல்ட் ரிவால்வரின் குண்டு சுமார் 10 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 230 மீட்டர் அளவு வேகத்தில் செல்வது. மிண்டனாவோ, சூலூத் தீவுகளில், உயிரைத் துச்சமென மதித்து வாளோடு பாய்ந்த மோரோ வீரர்களை அது நிறுத்தவில்லை என்ற முறையீடு எழுந்ததும், கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்கள் வெளியே எடுக்கப்பட்டன. இதற்கு உதாரணமாக எழுத்தாளர்கள் வழக்கமாகக் காட்டுவது, தப்பியோட முயன்ற ஒரு கைதி, .38 குண்டுகளை மார்பிலும் உடலிலும் மிகக் கிட்டத்தில் வாங்கியும் விழாமல் நின்றதையும், கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தே வீழ்த்தப்பட்டதையுமாகும். அச்சம்பவம் உண்மை, லகார்டே தம் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது நடந்தது மோரோ நாட்டில் அன்று, சாமார் தீவில், ஆண்டோ 1905. பரீட்சை முடிந்த மறுவருஷம் நடந்த ஒன்று பரீட்சைக்குக் காரணமாவது எப்படி?

இதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அக்காலப் படையினரின் கிராக் ரைஃபிள் குண்டு பட்ட பின்னரும் ஓடி வந்த மோரோக்கள் உண்டென்று அந்தப் படையினரே சொல்லியிருக்கிறார்கள். .38 குண்டின் ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 260 ஜூல் வரும். கிராக் குண்டின் ஆற்றலோ 2,600 ஜூல், அதாவது பத்து மடங்கு. பத்து மடங்கு ஆற்றலும் சில சமயம் போதாமற்போயிற்று என்றால், குறை விட்டத்தில் மட்டும் இருந்திருக்க நியாயமில்லை; குண்டு எங்கே பட்டது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

இனிப் பரீட்சையின் முறையைப் பார்ப்போம். ஒரு காரணத்துக்கும் ஒரு காரியத்துக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்ல வேண்டுமானால், அது இருக்கும்போது இதுவும் இருக்கிறது, அது இல்லாதபோது இதுவும் இல்லை என்று காட்டவேண்டும். அன்வய வியதிரேகம் என்று நம் தார்க்கிகர்கள் சொல்லுவது இதையே. அங்கே சுடப்பட்ட தோட்டாக்களிலோ விட்டம், எடை, வேகம், முனையின் வடிவம், வெறும் ஈயமா உலோக உறையிட்டதா என்னும் பேதம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன. இந்நிலையில் கண்ட பலன் விட்டத்தினால்தான் விளைந்தது என்று எதைக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலும்? தொங்கவிட்ட பிரேதம் குண்டு பட்டு எவ்வளவு அசைந்தது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய குறிப்புகளோ இன்னும் பலவீனமானவை. பிரேதத்துக்கு அச்சமும் இல்லை, ஆவேசமும் இல்லை. பாய்ந்து வருகிறவனைப் பற்றி அது என்ன சாட்சி சொல்லும்? இவ்விருவரும் நேர்மையாளர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உயிர்நிலையில் படாத எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளை நிச்சயமாக நிறுத்தாது, ஆதலால் குறிபார்த்துச் சுடுவதில் வீரர்களுக்கு இடையறாத பயிற்சி தரவேண்டும் என்றும் அதே அறிக்கையில் எழுதினார்கள். அந்தப் பகுதியை மேற்கோள் காட்டுவோர் அரிது.

1911 மார்ச்சில் நடந்த பரீட்சை இதற்கு நேர்மாறான ரகம். ஜான் பிரௌனிங் அமைத்த கோல்ட் துப்பாக்கியும் ஸாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் இறுதிப் போட்டியில் நின்றன. இரண்டும் ஒரே விட்டம், .45; ஒரே தோட்டா. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு சுட்டால் ஐந்து நிமிஷம் ஆறவிடுவது, ஆயிரம் சுட்டால் துடைத்து எண்ணெய் இடுவது, கை பொறுக்காத அளவு சூடேறினால் நீரில் முக்கி எடுத்து மேலே தொடர்வது என்று முறை வகுத்திருந்தார்கள். ஸாவேஜ் 37 தடவை இடறிற்று. கோல்ட் ஒரு தடவையும் இடறவில்லை. அதன்பின் நசுங்கிய தோட்டாக்களை ஊட்டியும், அமிலத்தில் துருவேற்றியும், மணலிலும் சேற்றிலும் புரட்டியும் பார்த்தனர். மார்ச் 29-ஆம் தேதி கோல்ட் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்தப் பரீட்சை எதைக் காட்டிற்று? விட்டம் இரண்டுக்கும் சமமாதலால், விட்டத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறியின் அமைப்பைப் பற்றி மட்டுமே சொல்லிற்று. ஆனால் பின்வந்த இரண்டு உலக யுத்தங்களில் சேற்றுக் குழிகளிலும் தீவுக் காடுகளிலும் அந்தத் துப்பாக்கி கைவிடாமல் வேலை செய்தபோது, வீரர்கள் புகழ்ந்து பேசியது அந்தப் பெரிய குண்டை. வண்டி ஓடியது அச்சாணியால். மாலை விழுந்தது மாட்டின் கொம்பில்.

இங்கே சர்வதேச நியமம் ஒன்றும் குறுக்கிடுகிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் பிறந்த முனை விரியும் குண்டு எழுப்பிய கண்டனத்தின் விளைவாக, 1899-இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளை யுத்தத்தில் விலக்கிப் பிரகடனம் செய்தது. அமெரிக்கா அதில் கையொப்பமிடவில்லையெனினும் பெரும்பாலும் அதை அனுசரித்தே வந்திருக்கிறது. போலீஸார் விரியும் குண்டை உபயோகிக்கலாம். சேனையோ நெடுங்காலம் முழு உறையிட்ட குண்டையே நம்பவேண்டியிருந்தது. விரியாத குண்டில் விட்டம் பெரிதாயிருப்பது ஓரளவு அனுகூலமே என்பதை .45 கட்சியாருக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆயினும் .38 தோற்றதைக் காட்டி, பின்னாளில் சேனை ஏற்ற 9 மி.மீ. தோட்டாவும் தோற்கும் என்று அவர்கள் வாதிப்பது செல்லாது. விட்டத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றேயாயினும், 9 மி.மீ. நேட்டோ தோட்டாவின் ஆற்றல் சுமார் 550 ஜூல்; .38-ஐப் போல் இரு மடங்கு; .45-இன் 480 ஜூலைவிடவும் சற்று மிகுதி.

குண்டின் விட்டமே எல்லாம் அன்று என்பதைப் பிரிட்டிஷார் வேறு வழியால் உணர்ந்தனர். முதல் உலக யுத்தத்தில் அவர்கள் கையிலிருந்த .455 வெப்லி பெரிய குண்டுக்குப் பேர்போனது. ஆனால் குறுகிய காலத்தில் பழக்கப்படும் புதுப் படையாட்கள் அதன் உதைப்பைத் தாங்கிக் குறி வைக்கச் சிரமப்பட்டார்கள். எனவே 1930-களில் .38 என்ஃபீல்டுக்கு இறங்கினர். தாம்ப்ஸனும் லகார்டும் கேட்ட பயிற்சியை எல்லோருக்கும் தர இயலாது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு, ஆளுக்குத் தக்க ஆயுதத்தை அவர்கள் தேர்ந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

1978-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று கணக்கெடுத்தபோது, படைகளிடம் இருபத்தைந்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கி வகைகளும் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டா வகைகளும் இருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவும் நேட்டோ நேசநாடுகளுடன் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொள்ளவும் 9 மி.மீ. தேர்ந்தெடுக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டுப் பரீட்சையில் பெரெட்டா, ஸிக் ஆகிய இரண்டும் தேறின. உதிரி உறுப்புகளோடு சேர்த்துப் போட்ட விலைக் கணக்கில் பெரெட்டா முந்தி, 1985-இல் எம்9 என்ற பெயர் பெற்றது. ஏழு தோட்டா கொண்ட இடத்தில் பதினைந்து. பின் சில வருஷங்களில் மிக அதிகமாகச் சுடப்பட்ட சில துப்பாக்கிகளின் சிலைடு என்னும் நகரும் மேற்பகுதி பிளந்து சுட்டவர் முகத்தில் காயம் உண்டாயிற்று, அமைப்பைத் திருத்தினார்கள்.

ஆனால் எம்9-இன் பேரைக் கெடுத்தது அதைவிட அற்பமான ஒரு பொருள். மேகசின் என்பது தகட்டாலான ஒரு சிறு பெட்டி. உள்ளே தோட்டாக்கள் இரட்டை வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, அடியிலிருக்கும் சுருள்வில் அவற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். ஈராக்கிற்குப் போன மேகசின்களில் ஒரு பகுதியைச் செய்து தந்தது துப்பாக்கியைச் செய்த நிறுவனமன்று, வேறோர் ஒப்பந்தக்காரர். அரசாங்கம் விதித்த நிபந்தனைப்படி, துருப்பிடிக்காதிருக்க, உட்புறத்தில் கனத்த பாஸ்பேட் பூச்சுப் பூசியிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பில் மாவு போன்ற பாலைவனப் புழுதி படிந்து பிடித்துக்கொண்டது; வில் தள்ளியும் தோட்டா ஏறவில்லை. சிலைடு வெறுமையாக முன்சென்று மூடிக்கொள்ள, வீரனின் கையில் இருந்தது வெறும் இரும்பு. குண்டின் விட்டம் 9 மி.மீட்டரா 11 மி.மீட்டரா என்பதற்கு அந்த நேரத்தில் என்ன மதிப்பு? வழவழப்பான பூச்சுடைய மேகசின்கள் வந்தபின் அந்தப் புகார் குறைந்தது. இத்தனைக்கும் துப்பாக்கியில் ஓர் அணுவும் மாற்றப்படவில்லை.

2012-இல் அமெரிக்க மரீன் படை தன் விசேஷப் பிரிவினருக்காக .45 விட்டத்தில் மறுபடியும் புதிய கோல்ட் துப்பாக்கிகளை வாங்கிற்று. சில ஆண்டுகளிலேயே அப்பிரிவினர் 9 மி.மீ. குளோக்கின் பக்கம் திரும்பினார்கள். இனி இத்துறையில் ஆராயப் புகுவோர், சிக்காகோக் கொட்டிலை விட்டு வெளியேறி, 1911-ஆம் ஆண்டின் அந்த 6,000 தோட்டாக்களிலிருந்தோ, புழுதி அடைத்த அந்த மேகசினிலிருந்தோ தம் ஆய்வைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.