பனையில்லாத பனைக்கு வைத்தியம்

ஆபீஸ்ல ரிலீஸ் ஒருவழியா முடிஞ்சுது. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு மரக்கதை இப்போ. கொஞ்சம் வரலாறு கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க :-)

குரோம்பேட்டையில எங்க வீட்டு வாசல்ல ஒரு சைகஸ் இருக்கு. நர்சரியில 'சேகோ பாம்'னு சொல்வாங்க. 1997ல நான் பொறந்தப்போ தாத்தா வெச்சது. தாத்தா இப்ப இல்லை. கோலம் போட்ட கையோட அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தாம அம்மா உள்ளே வரமாட்டாங்க. இரண்டு வருஷம் முன்னாடி அதுல வந்த குருத்து மொத்தமும் மஞ்சளா, சுருண்டு, நுனி கருகி வந்தது. பழைய மட்டைகள் மட்டும் பச்சையா இருந்தது.

"தென்னைக்கு வர்ற குருத்தழுகல் மாதிரிதான் இருக்கு, வெட்டிடுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நான் இன்ஜினியர் ஆச்சே, சும்மா விடுவேனா? நெட்டில் தேடி, எப்சம் உப்பு வாங்கிப் போட்டேன். அடுத்த குருத்தும் மஞ்சள். அம்மா ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்கா படிச்சேன். பிரச்சினை பேர்லயே ஆரம்பிக்குது. இந்த மரத்தைப் பனைன்னு நினைச்சு ஏமாந்ததுல மாமா முதல் ஆள் இல்லை. கொச்சியில் டச்சுக்காரர்களின் கவர்னரா இருந்த வான் ரீட், மலபார் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகள் போட்டார். 1682ல் வந்த மூன்றாம் தொகுதியில் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் சைகஸ் 'தொட்ட பன்னா' என்ற பேரில் படத்தோடு இருக்கு. (நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது இந்த மரத்தின் ஆண் கூம்புதான்.) 1753ல் லின்னேயஸ் இதைப் பனைகளோடு சேர்த்துவிட்டார். 1820களில் ராபர்ட் பிரவுன்தான் சைகஸின் சூல் மூடியில்லாமல் வெளியே இருப்பதை விளக்கினார். அதாவது இது பூக்கும் தாவரமே இல்லை. பைன் மரத்துக்கு உறவு, பனைக்கு இல்லை.

நம்ம வாசலில் இருப்பது ஜப்பான் பக்கத்துச் சைகஸ். 1782ல் துன்பெர்க் பேர் வெச்சது. 'சேகோ' என்பதும் தப்பு. நிஜமான சேகோ, தென்கிழக்கு ஆசியாவின் வேறொரு பனையிலிருந்து வருது. நம்ம சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு. சைகஸில் இருப்பது விஷம். வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் விதை பக்கம் விடாதீங்க.

பேர் தப்பானா என்ன என்று கேட்கலாம். தென்னையில் குருத்து ஒவ்வொண்ணா வரும். சைகஸில் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வட்டம் மொத்தமா வரும். ஆக, அந்த வட்டம் உருவான சமயத்தில் செடிக்கு என்ன குறை இருந்ததோ, அது எல்லா மட்டையிலும் ஒண்ணாத் தெரியும். நம்ம பாஷையில் லாக் ஃபைல். படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

அடுத்த குழப்பம் இன்னும் பழசு. மெக்னீசியம், மாங்கனீஸ் இரண்டு பேரும் கிரேக்க நாட்டு மக்னீசியா என்ற ஊர்ப்பேரிலிருந்து வந்தவை. 1774ல் ஸ்வீடனின் கான் மாங்கனீஸைப் பிரித்தெடுத்தார். 1808ல் மெக்னீசியத்தைப் பிரித்த டேவி, குழப்பம் வேண்டாம்னு 'மாக்னியம்' என்று பேர் வைக்கப் பார்த்தார். நிலைக்கலை. இருநூறு வருஷம் கழிச்சு நானும் அதே குழியில விழுந்தேன். எப்சம் உப்பு மெக்னீசியம். என் செடிக்கு வேண்டியது மாங்கனீஸ்!

செடிக்குள் மெக்னீசியம் இடம் மாறும். குறைஞ்சா பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுசுக்குக் கொடுக்கும். அதனால் பழசு மஞ்சளாகும். மாங்கனீஸ் அப்படி நகராது. குறைஞ்சா புதுக்குருத்துதான் பாதிக்கும். மண்ணில் காரத்தன்மை அதிகமானால், மாங்கனீஸ் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. எங்க வீட்டு போர் தண்ணி வாளியில் வெள்ளையா படியும். காம்பவுண்ட் கட்டின சுண்ணாம்பு, சிமெண்ட் கழிவெல்லாம் அந்த மண்ணுக்கடியில்தான் இருக்கு. குரோம் லெதர் கம்பெனியால் ஒரு உலோகத்தின் பேரையே வாங்கின ஊரில், வேறொரு உலோகம் கிடைக்காம ஒரு செடி திண்டாடியிருக்கு பாருங்க.

உங்க வீட்டில் இருந்தால் இதையும் பாருங்க. புதுக்குருத்து கடிபட்டு, எறும்பும் திரிஞ்சால் அது சைகஸ் தின்னும் நீல வண்ணத்துப்பூச்சியின் புழுவா இருக்கலாம். ஹார்ஸ்ஃபீல்ட் 1829ல் ஜாவாவிலிருந்து விவரித்த பூச்சி, நம்ம ஊரிலும் உண்டு. மட்டையின் அடிப்பக்கம் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா அப்பியிருந்தால் செதில் பூச்சி. 1977ல் தாய்லாந்திலிருந்து விவரிக்கப்பட்டது. அலங்காரச் செடி வியாபாரத்தோடு பயணம் பண்ணி 1996ல் ஃபுளோரிடா, 2003ல் குவாம் தீவு போனது. குவாம் காட்டில் எங்கு பார்த்தாலும் நின்ற சைகஸ், 2006லேயே அழியும் ஆபத்துள்ள பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதனால் புதுச்செடி வாங்கும்போது மட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு வாங்குங்க.

நான் மாங்கனீஸ் சல்ஃபேட்டைப் பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் போகாம போட்டேன். சுருண்ட மட்டைகள் அப்படியேதான் இருக்கு, அது திரும்பப் பச்சையாகாது. பச்சையா இருந்த பழசு எதையும் வெட்டலை. இந்த வருஷம் வந்த குருத்து முழுசும் பச்சை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துட்டு, "உங்க தாத்தா பனைக்கு நல்லாயிடுச்சுடா" என்றாங்க.

பனை இல்லைம்மா என்று நான் திருத்தலை.