எட்டு மணி நேரமும் ஒயர் கூடையும்

ஆலை வந்தது, கைவேலையின் இன்பம் போயிற்று என்பது பலரும் நம்பும் கதை. ஊசியும் நூலும் தறியும் ஒரு காலத்தில் மனத்துக்கு நிறைவு தந்தன, இயந்திரம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பார்கள். வட சென்னையின் கொடுங்கையூரையும் அதைச் சுற்றியுள்ள வியாசர்பாடி, பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளையும் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தலைகீழாகிவிடுகிறது. மாலையில் ஒயர் கூடை பின்னுவது, பிள்ளைக்குப் பாவாடை தைப்பது, உல்லன் நூலில் வாசல் தோரணம் செய்வது எல்லாம் பழைய கைத்தொழிலின் மிச்சம் என்று எண்ணுகிறோம். ஆலைத் தொழிலாளர் போராடிப் பெற்ற வேலை நேர வரம்பு, சொந்தமாக ஒரு வீடு, கைக்கெட்டும் விலையில் துணி ஆகிய மூன்றும் கூடிய பிறகுதான் இங்கே கைவேலை பரவலான இன்பமாயிற்று என்பது என் வாதம்.

முதலில் கைத்தொழிலின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலத்தைப் பார்ப்போம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தச் சென்னைக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்ததே. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த கையோடு நெசவாளரையும், துணியில் சித்திரம் தீட்டுவோரையும், வெளுப்போரையும் கிழக்கிந்தியக் கம்பெனி அழைத்துக் குடியேற்றியது. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் பெயரால் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை உருவானது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், நூற்போரும் நெய்வோரும் சாயமிடுவோரும் வாழ்வதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. ஊரே கைவேலையால் ஆனது என்று சொல்லத்தக்க காலம் அது. ஆனால் வேலை எப்படி நடந்தது? வணிகர் வழியாக முன்பணம் வந்தது. துணியின் நீளம், அகலம், நெருக்கம் எல்லாம் வாங்குபவர் தந்த மாதிரிப்படி இருக்க வேண்டும். தரம் குறைந்தால் விலை வெட்டப்படும் அல்லது துணி திருப்பி அனுப்பப்படும். அந்த நெசவாளிக்குத் தன் திறமை பற்றிப் பெருமிதம் இருந்திருக்காதா என்று கேட்கலாம். நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவுகள் அவர் கையில் இல்லை. பெருமிதத்தைக் கூலிவேலையும் தரும். விருப்பப்படி செய்யும் இன்பத்துக்கு அந்த முடிவுகள் செய்பவரிடமே இருக்க வேண்டும்.

பெரம்பூரில் 1870களிலும் 1880களிலும் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இயங்கத் தொடங்கின. இவை 1920இல் ஒன்றாயின. காக்கித் துணிக்குப் பெயர்பெற்ற இந்த ஆலைகள் வட சென்னையின் நேரத்தையே சங்கொலியால் ஆண்டன. 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே நெசவாலையில் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை அனுமதித்தது. நண்பகல் சாப்பாட்டுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது 1918இல் தொழிலாளர்கள் எழுப்பிய முக்கியக் குறைகளுள் ஒன்று. அவ்வாண்டு ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. அதில் தோள்கொடுத்தார். 1921இல் இந்த ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் கசப்பிலும் சாதிப் பிளவிலும் முடிந்தது. ஆனாலும் நாடெங்கும் எழுந்த இத்தகைய அழுத்தத்தால் சட்டம் படிப்படியாக இறங்கிவந்தது: 1922இல் வாரத்துக்கு 60 மணி நேரம், 1934இல் 54, 1946இல் 48. மாலை என்ற ஒன்று தொழிலாளி வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

மாலை வந்தால் போதாது, உட்கார இடமும் வேண்டும். 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கத்தோடு கொடுங்கையூரையும் தேர்ந்தெடுத்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சிறு மனைகள், தண்ணீர், கழிப்பறை, மேலே கட்டிக்கொள்ள ஒரு அடித்தளம் ஆகியவற்றைத் தவணை முறையில் அது தந்தது. ஒரு தையல் மிஷினைச் சுவரோரம் போட்டு, மறுநாளும் அது அங்கேயே இருக்கும் என்று நம்பக்கூடிய இடம் எளிய குடும்பத்துக்கு அமைந்தது. மிஷின்களில் உஷாவும் சிங்கரும் ஏற்கெனவே பழகிய பெயர்கள். கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் அரசு தரும் இலவச மிஷின் திட்டம், பெரம்பூர் தொகுதியில் வென்று அமைச்சரான சத்தியவாணி முத்துவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏழை வீட்டில் தைப்பது காசு மிச்சம் பிடிக்கத்தானே, அதில் இன்பத்தைத் தேடுவது வசதி படைத்தவர் கற்பனை இல்லையா? பாவாடையையும் ஜாக்கெட்டையும் மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு நிற்கும். ஒயர் கூடையைப் பார்த்தால் தடுமாறும். பிளாஸ்டிக் ஒயர் வந்த பிறகு பிறந்த கலை அது. பாட்டன் காலத்துப் பழக்கம் எதுவும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. சாமான் சுமக்கச் சாதாரண முடிச்சே போதும். ஆனாலும் சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சு வகைகள் பெருகின. நிறம் மாற்றி, கரை வைத்து, பக்கத்து வீட்டுக் கூடையை விஞ்சும் போட்டி நடந்தது. உல்லன் நூல் இன்னும் தெளிவான சாட்சி. ஸ்வெட்டருக்கு வேலையே இல்லாத ஊரில் அந்த நூல் தோரணமாகவும் டி.வி. உறையாகவும் மாறியது. தேவைக்கு மேல் செய்யப்பட்ட ஒவ்வொரு முடிச்சும் செய்தவரின் விருப்பத்துக்கு ஆதாரம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எட்டு மணி நேரச் சட்டம் ஆலைக் கதவோடு நின்றுவிட்டது, கைவேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள், அவர்களுடைய சமையலுக்கும் துவைப்புக்கும் யார் நேரம் குறித்தார்கள்? இதை நான் ஏற்கிறேன். ஷிப்டும் வார விடுமுறையும் முறையான சம்பளமும் வீட்டு நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. ஆனால் வீட்டுப் பெண்ணின் மாலை அவளுக்கே சொந்தமாகிவிடவில்லை. அந்தக் குறையின் விளைவை இன்று காண்கிறோம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் மொத்த வியாபாரம் போன்ற துணிச் சந்தைகளுக்கு வீடுகளிலும் வேலை நடக்கிறது. நைட்டி தைப்பது, காஜா எடுப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் பீஸ் கணக்கில் கூலி. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நெசவாளிக்கு வந்த மாதிரித் துணி, அதே சுவரோர மிஷினுக்கு வேறு உருவில் வந்து சேர்ந்திருக்கிறது. கை அதே கை, ஊசி அதே ஊசி. நிறுத்தும் உரிமை போனதும் இன்பமும் போய்விடுகிறது.

பின்னி ஆலை மூடப்பட்ட 1996ஆம் ஆண்டிலேயே, வீட்டிலிருந்து உழைப்போரும் பிற கூலித் தொழிலாளருக்கு இணையாக நடத்தப்பட வேண்டும் என்ற 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் வீட்டில் தைக்கும் ஒவ்வொருவர் பெயரும் ஏற வேண்டும், பீஸுக்கான கூலி, ஒரு நாள் உழைப்பைக் கணக்கிட்டு நிர்ணயிக்கப்பட வேண்டும். கைவேலை அழிகிறதே என்று கவலைப்படுபவர்கள் பயிற்சி வகுப்புகளுக்கும் கண்காட்சிகளுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான். உரிய கூலியும் ஓய்வும் கிடைத்துவிட்டால், மிச்ச நேரத்தில் என்ன பின்னுவது என்று வட சென்னைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.